மோட்டார் ஓடுது, தண்ணி வரல

கோவை கணபதியில் பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனம். அதன் சர்வீஸ் பிரிவில் ஒரு அக்கா பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் முதன்முதலில் அங்கே போன அன்று, "மோட்டாரைப் போட்டுட்டு போனை அதுகிட்ட வைங்க, கேக்கறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். "உறுமுது, சுத்தல. கெப்பாசிட்டர் போயிருச்சுங்க. மாத்துங்க, ஓடிரும்." போனை வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

அவர் வேலையில் பாதியைச் செய்ய ஒரு சாட்பாட் வேண்டும் என்றுதான் முதலாளி என்னை அழைத்திருந்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம்தான் மோட்டார் ஓடும். கோளாறும் அப்போதுதான் தெரியும். ராத்திரி 11 மணிக்கு அக்கா வீட்டில் தூங்குவார். வாட்ஸ்அப் தூங்காது.

"நம்ம கேட்லாக், பில்லு எல்லாத்தையும் கொடுத்து அதை ட்ரெயின் பண்ணிருங்க தம்பி" என்றார் முதலாளி. எல்லா முதலாளிகளும் முதலில் சொல்வது இதுதான். ஆனால் வேலை அப்படி நடப்பதில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் மொழி மாதிரி, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியது. அதற்குப் பேசத் தெரியும். உங்கள் கம்பெனியின் விலைப்பட்டியல் தெரியாது. மேற்கொண்டு பயிற்சி கொடுத்தால் பேச்சுப் பாணியை மாற்றலாம். மாதா மாதம் மாறும் விலையை அதற்குள் திணிப்பது வீண் வேலை. அதனால் நாங்கள் செய்வது திறந்த புத்தகத் தேர்வு போன்றது. வாடிக்கையாளர் கேட்டதும், கேட்லாக்கிலும் கையேட்டிலும் அதற்கு நெருக்கமான பகுதிகளை ஒரு தேடல் நிரல் எடுத்துத் தரும். மாதிரி அதைப் படித்துப் பதில் எழுதும். எந்தப் பக்கத்தைக் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி.

2023-இல் மூன்று வாரத்தில் முதல் வடிவத்தை முடித்தேன். முதலாளி முன்னால் அழகாகப் பேசியது. களத்தில் இறக்கிய முதல் வாரமே மானம் போனது.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று ஒருவர் எழுதியிருந்தார். "ஃபுட்வால்வைச் சரிபாருங்கள், பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுங்கள்" என்று பாட் பணிவோடு பதில் சொன்னது. கையேட்டில் உள்ளபடி அது சரியான பதில்தான். ஆனால் அது கிணற்றுமேட்டில் உட்காரும் மோனோபிளாக் பம்புக்கான பக்கம். கேட்டவரிடம் இருந்தது நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் போருக்குள் தொங்கும் சப்மெர்சிபிள். அதற்கு ஃபுட்வால்வும் கிடையாது, ஊற்ற வழியும் கிடையாது. அவருடைய வாக்கியத்துக்கு மிக நெருக்கமான பக்கத்தைத் தேடல் நிரல் எடுத்துக் கொடுத்தது. மாதிரி அதை நம்பியது. போரில் தண்ணீர் இல்லாமல் சப்மெர்சிபிளை ஓட்டிக்கொண்டே இருந்தால் மோட்டாரே போய்விடும். நல்ல வேளை, அந்த மனிதர் திட்டியதோடு விட்டுவிட்டார்.

அக்காவிடம் அந்த உரையாடலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "எடுத்ததும் பதில் சொல்லிருச்சேங்க தம்பி. என்ன மோட்டாருன்னே கேக்கலையே?"

அதன் பிறகு இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே கேட்டேன். பதிலைவிடக் கேள்விகள்தான் அவர் வாயில் அதிகம் வந்தன. போர் மோட்டாரா, மோனோபிளாக்கா? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? எத்தனை நாளாக ஓடாமல் இருந்தது? சமீபத்தில் யாராவது ஒயரைக் கழற்றி மாட்டினார்களா? கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. த்ரீ பேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் சரியாக ஏறாது என்று விளக்கினார். கையேட்டில் அது 31-ஆம் பக்கத்தில் ஒரு வரி. அவருக்கோ முதல் நான்கு கேள்விகளில் ஒன்று.

திரும்பக் கேள்வி கேட்பது பாட்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட 'எலைசா' அதையேதான் செய்தது. நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அதற்கே மயங்கி, அவருடைய செயலாளர் எலைசாவோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டாராம். எலைசா கேட்டது, ஒன்றும் தெரியாததை மறைப்பதற்காக. அக்கா கேட்பது, நான்கு காரணங்களில் மூன்றைக் கழிப்பதற்காக. இரண்டாம் வடிவத்தில் பாட்டுக்கு ஒரே கட்டளையை முதலில் எழுதினேன்: பம்பு வகையும் பேஸும் தெரியும்வரை எந்த யோசனையும் சொல்லாதே.

அடுத்த தலைவலி மொழி. அப்போதிருந்த மாதிரிகளுக்குத் தமிழ் சுமார்தான், செலவும் அதிகம். கணினிச் சேமிப்பில் 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துக்கு 21 பைட் பிடிக்கும். மாதிரி எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும், துண்டுக் கணக்கில்தான் காசு. தமிழ் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புது மாதிரியை வெளியிட்டபோது, எடுத்துக்காட்டாக ஒரு தமிழ் வரி 116 துண்டிலிருந்து 35 ஆகக் குறைந்ததைக் காட்டியது. அதுவரை நாங்கள் தமிழை ஆங்கிலமாக்கித் தேடி, விடையைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "போர் ரிப்பேர்" என்பது ஆங்கிலத்தில் யுத்தமானது. "காயில் எரிஞ்சிருச்சு" என்று ஒருவர் எழுத, மொழிபெயர்ப்பு அதைக் காய்கறியில் ஏதோ எரிந்ததாக எடுத்துக்கொண்டது. அவர் சொன்னது மோட்டாரின் காயில்! புது மாதிரி வந்ததும் நடுவிலிருந்த மொழிபெயர்ப்பைத் தூக்கி எறிந்தோம். அக்காவின் பழைய நோட்டுகளிலிருந்து விவசாயிகளின் சொற்களை ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையேட்டுச் சொல்லை எழுதிச் சேர்த்தோம்.

இதற்கிடையில் ஒரு நாள் பாட், ஒருவருக்கு இரண்டு வருஷ வாரண்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனி தருவது ஒரு வருஷம். எங்கே பிழை என்று தேடினால், கேட்லாக்கைத் துண்டு போடும்போது ஓர் அட்டவணை நடுவில் வெட்டுப்பட்டு, தலைப்பு ஒரு துண்டிலும் எண்கள் இன்னொரு துண்டிலும் போயிருந்தன. "மெஷின் சொன்னதுதானே, நாம சொல்லலையே" என்றார் முதலாளி. ஏர் கனடா வழக்கை அவருக்குச் சொன்னேன். பாட்டி இறந்ததற்காக விமானம் ஏறிய ஒருவருக்கு, துக்கக் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று அந்நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொன்னது. பணம் கேட்டபோது கிடைக்கவில்லை. சாட்பாட்டின் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. கடையில் வேலை செய்யும் பையன் சொன்ன விலைக்குக் கடைக்காரர்தானே பொறுப்பு? அன்றிலிருந்து விலை, வாரண்டி இரண்டையும் பாட் சொந்தமாக எழுதுவதில்லை. அட்டவணையில் உள்ளதை அப்படியே எடுத்து ஒட்டும்.

இப்போது எங்களிடம் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 200 கேள்விகள், எல்லாம் நிஜ வாடிக்கையாளர்கள் கேட்டவை. விடைகள் அக்கா சொன்னவை. பாட் நிரலில் ஒரு வரி மாற்றினாலும் 200-ஐயும் மறுபடி எழுத வைக்கிறோம். ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெட்டுப்போவது இந்தத் தொழிலில் அன்றாடம். கேள்வித்தாள் இல்லாவிட்டால் அது வாடிக்கையாளர் திட்டும்போதுதான் தெரியவரும்.

சில கேள்விகளுக்குச் சரியான விடை, பதில் சொல்லாமல் இருப்பது. 'ஷாக்' என்ற சொல் வந்தால், மெயினை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு முறை கேட்டும் பிடிபடாவிட்டால் அக்காவுக்குத் தள்ளிவிடும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் நிறுவனம் வாட்ஸ்அப்பில் இஷ்டம்போல் பதில் எழுதலாம். அதன் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகங்களை மட்டும்தான் அனுப்ப முடியும். சனிக்கிழமை ராத்திரி கேட்டவருக்குத் திங்கள் காலை அக்கா எழுத முடியவில்லை. ஞாயிறன்று ஒரு மணி நேரம் பார்க்க ஆள் போட்டார்கள். அதற்கு மென்பொருள் தீர்வு எதுவும் இல்லை.

2024-இல் முதலாளி ஒரு செய்தியைக் காட்டினார். ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தன் பாட் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாக அறிவித்திருந்தது. அவர் கண் அக்காவின் நாற்காலிப் பக்கம் போனதைக் கவனித்தேன். அடுத்த வருஷம் அதே நிறுவனத்தின் தலைவர், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததில் தரம் இறங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார். அந்தச் செய்தியை நான் அவருக்கு அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை, ஆனால் அக்காவுக்குச் சம்பளம் ஏறியது.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நானும் அக்காவும் உட்கார்ந்து, போன வாரம் பாட் சறுக்கிய உரையாடல்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். போன திங்களன்று ஒரு குரல் செய்தி இருந்தது. நாற்பது விநாடி, யாரும் பேசவில்லை. மோட்டார் சத்தம் மட்டும். ஒலியை எழுத்தாக்கும் நிரல் அந்த இரைச்சலுக்குள் எதையோ கேட்டு "நன்றி" என்று எழுதியிருந்தது. "மகிழ்ச்சி! வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று பாட் கேட்டிருந்தது.

அக்கா போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். "பேரிங்கு" என்றார்.

அந்த ஒலியை 201-ஆவது கேள்வியாகச் சேர்த்தேன். விடைக் கட்டத்தில் 'பேரிங்' என்று எழுதப்போனவன், அழித்துவிட்டு 'அக்காவிடம் கொடு' என்று எழுதினேன்.