அணி என்னும் பெயர் பெற்ற மலர்

மலர்களுக்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் நிறத்தையோ மணத்தையோ வடிவத்தையோ கண்டு பெயரிட்டார்கள். காஸ்மாஸ் என்னும் மலருக்கோ உலகத்தின் பெயரே வாய்த்தது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு ஒழுங்கு, அலங்காரம், ஒழுங்குற இயங்கும் பேரண்டம் என மூன்று பொருள்கள் உண்டு. நம் தமிழில் 'அணி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். படை அணிவகுத்து நின்றது என்றால் ஒழுங்கு. பொன்னணி பூண்டாள் என்றால் அலங்காரம். ஒழுங்கே அழகு என்ற கருத்தை இரு மொழிகளும் தத்தம் வழியில் ஒரே சொல்லில் பொதிந்து வைத்திருக்கின்றன. அப்பெயருக்கேற்ப இம்மலரை வளர்ப்பது எங்ஙனம் என்பதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

இதன் தாயகம் மெக்ஸிகோ. அங்கிருந்து இதன் விதைகள் கடல் கடந்து ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகருக்குச் சென்றன. அந்தோனியோ ஹோஸே கவனில்யெஸ் என்ற பாதிரியார் சிறந்த தாவர நூல் வல்லுநர். அவரே 1791-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர்.

தோட்டங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். ஒன்று வெண்மை, இளஞ்சிவப்பு, செந்நீலம் ஆகிய நிறங்களில் பூப்பது. அதன் இலை சோம்புச் செடியின் இலைபோல நூல் நூலாகப் பிரிந்திருக்கும். மற்றொன்று மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூப்பது. அதன் இலை சற்று அகன்றது. வெப்பத்தையும் நன்கு தாங்குவது.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல பூக்களின் கூட்டம். சுற்றிலும் பெரும்பாலும் எட்டாக நிற்கும் இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அவை விதை தருவதில்லை. வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைப்பதே அவற்றின் பணி. நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் நுண்ணிய பூக்கள் நெருங்கி நிற்கின்றன. அவை ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி, வரிசை வரிசையாக மலர்கின்றன. விதையாவன அவையே. பெயர் பொருத்தமானதுதான் அன்றோ?

இனி, பயிரிடும் முறை. நம் சமவெளிகளில் கார்த்திகை மழையின் வேகம் தணிந்தபின் விதைப்பது நலம். வெயில் நன்கு படும் இடம் வேண்டும்; நீர் தேங்கக் கூடாது. மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி, கால் அங்குல ஆழத்தில் விதையை ஊன்றிப் பூவாளியால் நீர் தெளித்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். நாற்றுகளைக் கலைத்து ஓரடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். உயர்ந்த செடிகளுக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளி வந்தால் புதுப் பூக்கள் வந்துகொண்டே இருக்கும்.

எரு விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். நண்பர் ஒருவர், செடிகள் ஆளுயரம் வளர்ந்தும் பூவே இல்லை என்று வருந்தினார். வாரந்தோறும் சாணமும் பிண்ணாக்கும் இட்டு வந்ததாகவும் சொன்னார். கோளாறு அங்கேதான் இருந்தது. தழைச்சத்து மிகுந்தால் காஸ்மாஸ் இலையும் தண்டுமாய்ப் பருத்துப் பூப்பதை ஒத்திப் போடும். மெலிந்த மண்ணிலோ அது விரைந்து பூத்து விதை காண முயலும்.

ஒளிக்கும் இதில் பங்கு உண்டு. பகல் குறுகி இரவு நீளுங்கால் பூப்பது இதன் இயல்பு. குளிர்நாட்டுத் தோட்டங்களில் பழைய வகைகள் பூக்குமுன்பே உறைபனி வந்து கருக்கிவிடும். ஆகவே முன்கூட்டிப் பூக்கும் வகைகளைத் தேடி வளர்த்தார்கள். அவற்றுள் 'ஸென்ஸேஷன்' என்பது 1936-ஆம் ஆண்டில் அகில அமெரிக்கத் தேர்வில் பரிசு பெற்றது. நம் வீட்டுத் தோட்டத்திலும், இரவெல்லாம் விளக்கெரியும் இடத்தில் நட்டால் பூப்பது தாமதமாகலாம்.

சென்ற நாடுகளில் எல்லாம் இம்மலர் மக்கள் மனத்தில் இடம் பெற்றது. ஜப்பானில் இதன் பெயரை 'இலையுதிர்காலத்துச் செர்ரி' எனப் பொருள்படும் எழுத்துக்களால் எழுதுகிறார்கள். தூய்மைக்கும் இசைவுக்கும் அடையாளமாகப் போற்றுகிறார்கள். புயலில் சாய்ந்தாலும் இச்செடியின் நுனி மீண்டும் மேல்நோக்கி வளைந்து பூக்கும். மண்ணைத் தொட்ட தண்டும் வேர்விடும். தென்னாப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாலையோரமெங்கும் காஸ்மாஸ் பூக்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் குதிரைகளுக்காக இறக்குமதியான தீவனத்தோடு விதைகள் வந்தன என்பது அங்கே வழங்கும் வரலாறு. போர் முடிந்தது, குதிரைகளும் போயின, பூக்கள் நிலைத்துவிட்டன.

கொடுப்பதிலும் அளவு வேண்டும் என்பதே இச்செடி நமக்கு உணர்த்தும் பாடம் என்று கருதுகிறேன். வேண்டிய வெயிலையும் இடத்தையும் தந்துவிட்டுச் சற்றே விலகி நின்றால் அது தன் ஒழுங்கைத் தானே காட்டும். செடிகளுக்கு மட்டுமேயன்றி, நாம் அன்போடு வளர்க்கும் பிறவற்றுக்கும் இது பொருந்தும். வரும் பருவத்தில் ஒரு பிடி விதை ஊன்றிப் பாருங்கள்.