மோட்டார் சைக்கிளின் சோக் இறுகிவிட்டதா?

குடியிருப்பது ஓரிடம், வயல் இன்னோரிடம் என்று வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு இவ்விரண்டையும் இணைத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே. உரமூட்டை அதில்தான் போகிறது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் வைத்தியசாலைக்கும் அதில்தான். விடியற்காலையில் வாய்க்காலில் எமது தண்ணீர் முறை வரும் நேரத்தில் வண்டி கிளம்ப மறுத்தால், அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

இப்படிக் கிளம்ப மறுக்கும் வண்டிகளிலும், அளவுக்கு மீறிப் பெற்றோல் குடிக்கும் வண்டிகளிலும் கோளாறு பல தடவை சோக்கில்தான் இருக்கிறது. சில கராச்சுகளில் காபரேற்றர் முழுவதையும் மாற்றும்படி சொல்வார்கள். அந்தச் செலவுக்குச் சம்மதிக்குமுன் வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம் செலவிட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் சோக் எதற்காக இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்வோம். பெற்றோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகிறது. சூடேறிய எஞ்சினுக்கு, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாமல், போகும் வழியிலேயே குழாய்ச் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். உள்ளே போய்ச் சேரும் கலவை மெலிந்திருப்பதால் பிளக்கின் பொறி பட்டும் பற்றாது. எனவே எஞ்சின் சூடேறும் வரை பெற்றோலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சோக்கின் வேலை அவ்வளவுதான்.

பொருளாதாரத் தடை 1990இல் தொடங்கிய பின் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. அப்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சிறு போத்தலில் பொக்கிசம் போல வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். குளிரில் எளிதில் ஆவியாகாத எரிபொருளுக்குத் தொடக்கத்தில் ஓர் உதவி வேண்டும் என்பதை அந்த நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்திருந்தனர். பெற்றோலுக்கு அந்த உதவியைச் செய்வதுதான் சோக்.

சோக் இருவகையில் இறுகும். திறந்த நிலையில் இறுகினால் காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓயும். வண்டி ஒருமுறை சூடேறிவிட்டால் பிறகு குறை தெரியாது. மூடிய நிலையில் இறுகுவதே கூடுதல் நட்டம். வண்டி கிளம்பும்; ஆனால் கரும்புகை தள்ளும், மெதுவாக ஓடும்போது நின்றுவிடும், பெற்றோல் மணக்கும். மிகுதிப் பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி எஞ்சின் ஒயிலுடனும் கலப்பதால் பிஸ்டன் வளையங்கள் தேயும். 2022இல் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. சோக் இறுகிய வண்டிக்காரர் அதிலும் ஒரு பகுதியைப் புகையாகவே விட்டிருப்பார்.

ஐயம் இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை இளம் கபில நிறமாக இருந்தால் கலவை சரி. அடுப்புக்கரி போலக் காய்ந்த கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. காற்று வடிகட்டி அடைபட்டாலும் இதே கறுப்புத்தான் வரும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெற்றோல் குழாயைப் பூட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சுருட்டு, குப்பி விளக்கு எதுவும் அருகே வரக்கூடாது, பிள்ளைகளும் வரக்கூடாது.

சோக்கில் இரண்டு அமைப்புகள் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் காபரேற்றரின் வாயில் வட்டமான ஒரு சிறு தகடு கதவு போலத் திரும்பிக் காற்றை மறிக்கும். வேறு வண்டிகளில் ஒரு சிறு பித்தளைத் தண்டு மேலே எழும்பி, மேலதிக பெற்றோலுக்கு வழி திறக்கும். நெம்பு கைபிடியில் இருந்தால் இடையில் ஒரு கேபிள் ஓடும். அவ்வாறாயின் முதலில் அந்தக் கேபிளைச் சந்தேகியுங்கள். மழையில் நின்ற வண்டியிலும், இடம்பெயர்ந்த காலத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியிலும் கேபிளின் உட்கம்பி துருவேறி உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

காபரேற்றர்ப் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, அங்குள்ள நெம்பை விரலால் அசைத்துப் பாருங்கள். அது இலகுவாக அசைந்தால் குற்றம் கேபிளில். கேபிளின் மேல் முனையையும் கழற்றி, அதைச் சுற்றிப் பொலித்தீன் துண்டொன்றைப் புனல் போலக் கட்டி, கேபிளை நேராகத் தொங்கவிடுங்கள். புனலில் மெல்லிய ஒயில் சிறிது ஊற்றுங்கள். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் மிகப் பொருத்தம். ஒயில் கீழ்முனையில் சொட்டும் வரை காத்திருந்து, கம்பியை மேலும் கீழும் இழுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழி விடியலில் அது போத்தலில் உறைவதைக் காண்கிறோமே, கேபிளுக்குள்ளும் அதுதான் நடக்கும். வண்டி கிளம்பவேண்டிய நேரமும் அந்த விடியல்தான். கம்பியின் இழைகள் அறுந்திருந்தால் ஒயில் விட்டுப் பயனில்லை. புதுக் கேபிள் போடுங்கள்.

தகடுதான் அசையவில்லை என்றால், காற்று வடிகட்டியை இணைக்கும் இறப்பர்க் குழாயைக் கழற்றினால் அது கண்ணுக்குத் தெரியும். செம்மண் புழுதியும், பழைய பெற்றோல் உலர்ந்து உண்டாகும் பிசினும் சேர்ந்து அதன் அச்சைப் பிடித்திருக்கும். பழைய பற்தூரிகையைப் பெற்றோலில் தோய்த்து அச்சின் இரு முனைகளிலும் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெதுவாக அசையுங்கள். மீண்டும் தோயுங்கள், மீண்டும் அசையுங்கள். குறட்டால் பிடித்து முறுக்கினால் அச்சு வளையும். அதன்பின் உண்மையாகவே புதுக் காபரேற்றர் வாங்க வேண்டிவரும். தகட்டைப் பிடித்திருக்கும் சிறு ஸ்குறூக்களைக் கழற்றவே கூடாது. அவை தளராதபடி முனை நசுக்கப்பட்டவை. தளர்ந்த ஸ்குறூ ஒன்றை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டால் வரும் செலவு நீங்கள் மிச்சம்பிடிக்க நினைத்ததைப்போல் பல மடங்கு.

தண்டு வகையில், கேபிளின் அடியிலுள்ள நட்டைத் திருகினால் தண்டும் சுருளும் ஒன்றாக வெளியே வரும். பல வண்டிகளில் அந்த நட் பிளாஸ்டிக்கால் ஆனது. கழற்றும்போதும் பூட்டும்போதும் கை இறுக்கமே போதும். தண்டைப் பெற்றோல் தோய்த்த சீலையால் துடைத்து, அது ஓடும் துளையையும் துடையுங்கள். சாண்ட் பேப்பர் போட்டால் தண்டு தேய்ந்து, சோக் மூடியிருக்கும்போதும் பெற்றோல் கசியும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் நெம்பை முழுமையாக விட்டுப் பாருங்கள். கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். கேபிள் இழுபட்டே நின்றால் சோக் பாதி வேலை செய்துகொண்டே இருக்கும். ஓட்டும்போதும், எஞ்சின் சீராகிய உடனே நெம்பை விட்டுவிடப் பழகுங்கள். பெற்றோலை ஊசிமூலம் விசிறும் புதிய வண்டிகளில் இந்தச் சோக் இல்லை. அவற்றை இவ்வாறு கழற்றப் பார்க்க வேண்டாம்.

அதே அரை மணி நேரத்தில் காற்று வடிகட்டியையும் கவனிக்கலாம். பஞ்சு வகையாயின் மண்ணெண்ணெயில் கழுவி, சவர்க்கார நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். தாள் வகையைக் கழுவக்கூடாது; தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். ஒயிலின் அளவைக் கிழமைக்கொரு தடவை, வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். செயினின் தளர்வு, ரயரின் காற்று ஆகியவற்றுக்கு வண்டியோடு வந்த கைநூலில் உள்ள அளவே சரியானது.

இந்த வேலைகளில் பலம் தேவைப்படுவது எதுவுமில்லை. வயலுக்கும் சந்தைக்கும் தாமே வண்டியோட்டும் பெண்கள் இதைப் பழகிக்கொண்டால், கராச்சில் இருந்து யாராவது வரும்வரை வீதியோரத்தில் நிற்க வேண்டியிராது. இருக்கையின் கீழ் ஒரு மேலதிக பிளக்கும் பிளக் ஸ்பனரும் இருக்கட்டும். பிளக்கைப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். இலகுவாக இறங்கினால் மட்டும் ஸ்பனரை எடுங்கள். கோணலாக ஏறிய பிளக் எஞ்சின் தலையின் புரியை அழித்துவிடும்.