நாய்கள் உண்ணத்தகாத பொருளை விழுங்குதல்

நாய்கள் உண்ணத்தகாத பொருளை விழுங்குதல் என்பது, செரிக்க இயலாத அல்லது நஞ்சாகக்கூடிய ஒரு பொருள் நாயின் உணவுப்பாதைக்குள் செல்வதால் ஏற்படும் நிலை ஆகும். கல், துணி, நெகிழிப் பை, மின்கலம் ஆகியவற்றுடன் மனிதர் உண்ணும் சில பழங்களும் இதில் அடங்கும். தேனி மாவட்டத்தில் பெரியகுளம் மாம்பழத்துக்கும், கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்கும் பெயர் பெற்றவை. இவ்விரு பழங்களும் நாய்க்கு இரு வேறு வழிகளில் தீங்கு செய்வதால், சிகிச்சையும் வேறுபடுகிறது.

மாங்கொட்டை

மாம்பழச் சதை நாய்க்கு நஞ்சன்று. ஆனால் முழுதாக விழுங்கப்பட்ட கொட்டை செரிக்காமல் சிறுகுடலில் அடைத்துக்கொள்ளக்கூடும். அடைபட்ட இடத்தில் குருதியோட்டம் குறைந்து, குடற்சுவர் அழுகித் துளை விழலாம். தொடர் வாந்தி, உணவை மறுத்தல், வயிற்று வலி, மலம் கழிக்காமை ஆகியன இதன் அறிகுறிகள். இவை தோன்றச் சில நாட்கள் ஆவதும் உண்டு.

திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இங்கு ஆண்டு முழுவதும் அறுவடை நடைபெறுவதால், தோட்டத்து நாய்களுக்கு உதிர்ந்த பழங்கள் எப்போதும் எட்டும் நிலையில் உள்ளன. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. இதற்கு டார்டாரிக் அமிலமே காரணம் என்னும் கருத்து 2021 இல் முன்வைக்கப்பட்டது. புளியிலும் இவ்வமிலம் மிகுதி. அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் மாறுவதால், தீங்கற்ற அளவு இதுவென வரையறுக்க இயலாது. முதல் நாளில் வாந்தியும் சோர்வும் தோன்றும். ஓரிரு நாட்களில் சிறுநீர் குறைந்து, முற்றிலும் நின்றுவிடவும் கூடும்.

முதலுதவி

* விழுங்கிய பொருள், அளவு, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய துண்டுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். திராட்சை தின்ற நாய்க்கு அறிகுறி தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது.
* உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. குருதியில் உப்பு மிகுந்து நாய் இறக்க நேரிடலாம். கூரிய பொருளோ மின்கலமோ வாந்தியுடன் மேலேறும்போது உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.
* வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. அது குடலை அறுத்துவிடும்.

மருத்துவம்

திராட்சை தின்ற சிறிது நேரத்திற்குள் கொண்டுவரப்பட்டால், மருத்துவர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வார். பின்னர் சிறுநீரகத்தைக் காக்க நரம்பு வழியாக நீர்மம் ஏற்றப்படும். உலோகமும் எலும்பும் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். துணி, நெகிழி, பழக்கொட்டை ஆகியவை பெரும்பாலும் தெளிவாகத் தெரியாததால் மீயொலிச் சோதனை உதவுகிறது. குடலில் சிக்கிய கொட்டையை அறுவை செய்தே அகற்ற வேண்டியிருக்கும். ஊரிலுள்ள அரசு கால்நடை மருந்தகங்களைத் தவிர, 2020 இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் தேனியில் உள்ளது.

தடுப்பு

உதிர்ந்த திராட்சையை அன்றன்றே அகற்றுதல், மாங்கொட்டைகளை மூடிய தொட்டியில் இடுதல், கழிக்கும் திராட்சையை நாய் எட்டாதவாறு புதைத்தல் ஆகியன எளிய வழிகள் ஆகும்.