தொலைவில் இருக்கும் கோப்பு

திருப்பதியில் பொறியியல் படிக்கும் என் மகள், சங்கத்தின் பொங்கல் விழாவுக்காக ஒரு சிறிய புரோகிராம் எழுதினாள். நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தெலுங்கு படிக்கிறவர்கள். தமிழ் எழுத்தை வீட்டில்தான் கற்கிறார்கள். அவர்கள் மேடையில் ஒப்பிக்கும்போது குறள் திரையில் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வலைத்தளத்திலிருந்து திருக்குறள் கோப்பைப் புரோகிராமே எடுத்துக்கொள்ளும். ஒத்திகையன்று ஐந்தாறு அதிகாரங்களோடு திரை நின்றுவிட்டது. கடைசி எழுத்து வெறும் கேள்விக்குறி! குறை தளத்தில் இல்லை, எங்கள் புரோகிராமில்தான்.

நம் அலமாரியில் உள்ள புத்தகம் வேறு. சென்னையில் இருக்கும் சித்தப்பா போனில் படித்துச் சொல்லும் புத்தகம் வேறு. முன்னதில் எந்தப் பக்கத்தையும் புரட்டலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். பின்னதில் அவர் சொல்லச் சொல்லக் கேட்கத்தான் முடியும். பி.எச்.பி. போன்ற மொழிகளில் கோப்பின் பெயர் இருக்கும் இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்தால் அதுவும் திறந்துகொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

என் மகள் "ஒரு லட்சம் பைட் படி" என்று ஒரே முறை கேட்டிருந்தாள். வலையில் செய்தி துண்டு துண்டாக வரும், பி.எச்.பி. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 8192 பைட்டுக்கு மேல் தராது. முடியும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். துண்டு நடுவில் அறுந்தால் எழுத்தும் அறுந்துபோகும். கேள்விக்குறி வந்த கதை இதுதான்.

மற்ற தடைகளையும் சொல்லிவிடுகிறேன். எச்.டி.டி.பி. வழியாகத் திறந்த கோப்பில் எழுத முடியாது. பின்னோக்கிப் போகவும் முடியாது. அதன் அளவை முன்கூட்டிச் சொல்ல சர்வர் கட்டாயப்பட்டதல்ல. 1997-இல் வந்த எச்.டி.டி.பி. 1.1-இல் "இந்தப் பகுதி மட்டும் கொடு" என்று கேட்க வழி உண்டு. கொடுப்பது சர்வரின் விருப்பம். பதில் வராவிட்டால் பி.எச்.பி. வழக்கமாக 60 விநாடி காத்திருக்கும். மேடையில் ஒரு குழந்தை வாய் திறந்து நிற்கும்போது 60 விநாடி எவ்வளவு நீளம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

எஃப்.டி.பி. சற்றுத் தாராளமானது. கோப்பின் அளவைச் சொல்லும், எழுதவும் விடும், ஆனால் பி.எச்.பி.யில் ஒரே சமயத்தில் படிப்பதும் எழுதுவதும் நடக்காது. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்! கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும் பழைய முறை என்பதால் 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இதைக் கைவிட்டன.

எழுத்து முறையும் ஒரு கண்ணி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூல் திருக்குறள்தான். தொடக்க கால நூல்கள் டிஸ்கி முறையில் வந்தன, யூனிகோடு பிறகுதான். எந்த முறை என்று தெரியாமல் இழுத்தால் வருவது தமிழாக இருக்காது.

சித்தூர் சாலையில் காதங்கியில் 1024 ஆன்டெனாக்களோடு வானத்தை அளக்கும் ராடாரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய அளவீடுகளின் பெரிய கோப்பைத் தொலைவிலிருந்தே திறந்து, நடுவில் புரட்டிப் பார்க்க நினைப்பவருக்கும் இதே தொல்லைதான்.

என் மகள் கடைசியில் செய்தது எளிது. கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் முழுதாக இறக்கினாள். 1330 குறளும் இருக்கின்றனவா என்று புரோகிராமே எண்ணியது. சரியாக இருந்தால் மட்டும் பழைய கோப்பின் இடத்தில் இதை வைத்தது. விழாவன்று மண்டபத்தில் இணைய இணைப்பே கிடைக்கவில்லை. குறள் மட்டும் தடையில்லாமல் ஓடியது.