24 மணி நேரக் கடல், ஒரு பழைய வானொலி நிலையம்

தோக்கியோவின் தக்கேஷிபா துறையில் காலை 11 மணிக்குக் கப்பல் ஏறினேன். மறுநாள் காலை 11 மணிக்குத்தான் அடுத்த தரை. சிச்சிஜிமா தீவு தோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள் இருக்கிறது. விமான நிலையம் கிடையாது. கப்பலும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். வாந்தி மாத்திரையை மறந்துவிட்டுப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் மறக்காதீர்கள்.

இதில் வேடிக்கை, இவ்வளவு தூரம் போயும் நாம் தோக்கியோவை விட்டுத் தாண்டவில்லை. நிர்வாகப்படி இந்தத் தீவும் தோக்கியோதான். இன்னொரு வேடிக்கை பெயர்கள். சிச்சிஜிமா என்றால் தந்தைத் தீவு. பக்கத்தில் தாய்த் தீவு, அண்ணன் தீவு, தம்பித் தீவு, மாப்பிள்ளைத் தீவு, மருமகள் தீவு. எரிமலைக் குழம்பில் பிறந்த ஒரு கூட்டுக் குடும்பம்!

எல்லாரும் திமிங்கிலம் பார்க்கவும் கடலில் முக்குளிக்கவும் இங்கே வருகிறார்கள். நான் வந்தது ஒரு வானொலி நிலையத்தைப் பார்க்க.

போர்க்காலத்தில் தோக்கியோவுக்கும் தெற்குப் போர்முனைகளுக்கும் இடையே செய்திகளை வாங்கிக் கொடுத்தது இந்தத் தீவின் குன்றுகளில் இருந்த நிலையங்கள்தான். 1944 செப்டம்பர் 2-ஆம் தேதி அவற்றைக் குண்டு வீசித் தகர்க்க வந்த விமானங்களில் ஒன்றை 20 வயது இளைஞர் ஒருவர் ஓட்டினார். விமானம் சுடப்பட்டது. கடலில் குதித்த அவரை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் காப்பாற்றியது. கூட வந்த இருவரும் இறந்துபோனார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ்தான் அந்த இளைஞர். தீவில் பிடிபட்ட வேறு சில விமானிகளின் கதை கொடூரமானது. ஞாயிற்றுக்கிழமை பசியாறும் நேரத்தில் அது வேண்டாம்.

மலைக்காட்டுக்குள் நுழையுமுன் காலணியைத் தேய்த்துத் துடைத்து, அடியில் வினிகர் தெளிக்கச் சொன்னார் வழிகாட்டிப் பெண்மணி. வெளியூர் விதைகளும் புழுக்களும் உள்ளே போய்விடக்கூடாதாம். 2011-இல் உலக இயற்கை மரபுச் சின்னமான இடமல்லவா! பிறகு தலைக்கவசம், கைவிளக்கு. பாறையைக் குடைந்த சுரங்கங்களில் பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி துருப்பிடித்துக் கிடக்கின்றன. தரையில் கண்ணாடிப் பாட்டில்கள். எதையும் தொடக்கூடாது, இடம் மாற்றவும் கூடாது.

மேலே யோஆக்கே குன்றில் பழைய தொலைத்தொடர்புக் கட்டடம். சன்னல்கள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். கான்கிரீட்டை மரவேர்கள் பிடித்துவிட்டன. அங்கே நின்றபடி வழிகாட்டி தெற்கே கை காட்டினார். சுமார் 270 கிலோமீட்டரில் இவோ ஜிமா. 1945 பிப்ரவரியில் அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. சுமார் 21 ஆயிரம் ஜப்பானிய வீரர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். அமெரிக்கர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர். மார்ச் 23-ஆம் தேதி அங்கிருந்து சிச்சிஜிமாவுக்கு ஒரு கடைசிச் செய்தி வந்தது. சிச்சிஜிமாவில் உள்ள எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்ட செய்தி. சயோனாரா.

ஒலிபரப்பில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்குக் கை உதறும். அந்தச் சொல்லுக்குப் பிறகு இங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நினைத்தேன். அவர் எவ்வளவு நேரம் கழித்து அதைக் கழற்றியிருப்பார்?

குடிமக்களின் கதை வேறு. 1944-இல் இந்தத் தீவுகளிலிருந்து 6,886 பேர் ஜப்பானியப் பெருநிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா தீவுகளை வைத்துக்கொண்டது. 1830-இல் இங்கே முதலில் குடியேறிய மேலைநாட்டவரின் வழிவந்த சுமார் 130 பேர் மட்டுமே 1946-இல் திரும்ப முடிந்தது. மற்றவர்கள் 1968 வரை காத்திருந்தார்கள். இவோ ஜிமாக்காரர்கள் இன்னும் குடி திரும்பவில்லை. இன்று அது தற்காப்புப் படையின் தளம். ஊர்க்காரர்களும் வாரிசுகளும் கல்லறைக்கு வணக்கம் செலுத்த எப்போதாவது போய் வருகிறார்கள். ஒரு வீட்டின் பிள்ளைகளில் ஒருவனை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்தது போல எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்லவேண்டும். தமிழர் வீடுகளில் இது சகஜம்தான். ஆனால் தாத்தா இதில் ரொம்பக் கண்டிப்பு. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்ட அவருடைய அண்ணன், லாரியில் ஏறும்போது ஒன்றும் சொல்லாமல் ஏறினாராம். அதனால்தான் திரும்பவில்லை என்று தாத்தா கடைசிவரை நம்பினார். சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் கப்பல் புறப்பட்டது. துறைமுகத்தில் பெரிய மேளங்கள் முழங்கின. கப்பல் நகர்ந்ததும் சிறு படகுகள் பத்துக்கு மேல் இரு பக்கமும் விரைந்து வந்தன. படகில் இருந்தவர்கள் கைகளை ஆட்டி ‘இத்தெராஷ்ஷாய்!’ என்று கத்தினார்கள். பக்கத்தில் நின்ற மூதாட்டியிடம் அர்த்தம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, போய்விட்டுத் திரும்பி வா என்று அர்த்தம் என்றார். இங்கே யாரையும் சயோனாரா சொல்லி அனுப்புவதில்லையாம். அதற்கு நாம் சொல்ல வேண்டிய பதிலையும் கற்றுக்கொடுத்தார்.

விரிகுடா முடியும் இடத்தில் படகுகள் ஒவ்வொன்றாக நின்றன. படகில் இருந்த இளைஞர்கள் கைகோத்துக் கடலுக்குள் குதித்தார்கள். மேல்தளத்தில் எல்லாரும் பதில் கத்தினார்கள். மூதாட்டி சொல்லிக்கொடுத்த ஜப்பானியச் சொல் எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

“போயிட்டு வரேன்!” என்று தமிழிலேயே கத்தினேன்.