நினைவைப் பழக்கினால் மூளை மாறுமா?

பிற மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு நாள்தோறும் நேரும் ஓர் அனுபவம் உண்டு. கடைக்காரர் 'பௌனே தோ ஸௌ' என்று இந்தியில் விலை கூறுகிறார். அதை 175 என்று தமிழாக்கி, நாம் நீட்டிய 500 ரூபாயிலிருந்து கழித்து, மீதி 325 என்று காண்பதற்குள் அவர் அடுத்தவரைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். ஒன்றை மறவாமல் மனத்தில் நிறுத்திக்கொண்டே அதன்மீது மற்றொரு வேலையைச் செய்யும் இவ்வாற்றலுக்குச் 'செயல் நினைவு' என்று பெயரிடலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதன்றி ஒரு நாளும் கழியாது. ஆங்கில வாக்கியத்தில் முன்னே வரும் வினைச்சொல், தமிழில் கடைசியிலன்றோ வந்து அமரவேண்டும்? அதுவரை அதைப் பத்திரமாகக் காக்கவேண்டும். நாற்பதைக் கடந்தபின், காக்கும் இடம் சுருங்கி வருகிறதோ என்ற ஐயம் எழுகிறது. இவ்வாறு ஐயுறுவோரை நோக்கியே 'மூளைப் பயிற்சி' விளையாட்டுகள் இன்று கைப்பேசி வழியாக விற்கப்படுகின்றன. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு அவற்றால் விளையும் பயன் யாது?

செயல் நினைவு மிகச் சிறிய பாத்திரம். ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஏழு பொருள்களே அதில் அடங்கும் என 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் எழுதினார். நான்கே அடங்கும் என்பது 2001-இல் நெல்சன் கோவன் கண்ட முடிவு.

பயிற்சியால் மூளை மாறுகிறதா எனின், மாறுகிறது என்பதே விடை. ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் டார்க்கெல் கிளிங்பெர்க்கும் அவர் குழுவினரும் சிலருக்கு ஐந்து வாரம் இப்பயிற்சி அளித்து, அவர்கள் மூளையில் இரத்த ஓட்டம் மாறுவதைக் காந்தக் கருவியால் ஆராய்ந்தனர். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியும் உச்சியை அடுத்த பகுதியும் முன்னினும் மிகுதியாக இயங்கியதை 2004-இல் வெளியிட்டனர். 2009-இல், டோபமின் என்னும் இரசாயனப் பொருளை ஏற்கும் உறுப்புகளிலும் மாறுதல் நிகழ்வதைக் காட்டினர். வேறு சில ஆய்வுகளிலோ, பயிற்சிக்குப் பின் இயக்கம் குறைந்தே காணப்பட்டது. பழகிய வேலையை மூளை சிக்கனமாகச் செய்கிறது என்று இதற்குப் பொருள் கூறுவர்.

ஆனால் மூளை மாறுவது வேறு; அறிவு பெருகுவது வேறு. 2008-இல் சூசன் ஜேகி குழுவினர், கண்ணால் கண்ட கட்டத்தையும் செவியால் கேட்ட எழுத்தையும் ஒருங்கே நினைவிற்கொள்ளும் பயிற்சியால் பொது அறிவாற்றலே உயரும் என்றறிவித்தபோது, உலகெங்கும் ஆர்வம் பொங்கியது. எனினும் அங்கே பயிற்சி பெற்றோர் யாதொரு பயிற்சியும் பெறாதவரோடு ஒப்பிடப்பட்டனர். 2013-இல் தாமஸ் ரெடிக் குழுவினர், வேறொரு பயிற்சி செய்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பழகிய விளையாட்டில் தேர்ச்சி மிகுந்தது, அறிவாற்றல் உயரவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கியோரும் பெரும்பாலும் இதே முடிவுக்கு வந்தனர்.

காரணத்தை 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாக விளக்குகிறது. ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனுழைத்தோரும் கல்லூரி மாணவர் ஒருவரை 230 மணி நேரத்துக்கு மேல் பழக்கினர். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களையே கேட்டுத் திருப்பிச் சொன்ன அவர், முடிவில் 79 இலக்கங்களைச் சொன்னார்! அவர் ஓட்டப் பந்தய வீரர். 3492 என்று கேட்டால், ஒரு மைல் ஓட்டத்துக்கான 3 நிமிடம் 49.2 விநாடி என்று கொள்வார். நான்கு இலக்கம் ஒன்றாகிவிடும். ஆயினும், இலக்கங்களுக்குப் பதில் எழுத்துக்களைக் கூறியபோது ஆறளவிலேயே நின்றுவிட்டார். பாத்திரம் பெரிதாகவில்லை, அதில் அடுக்கும் வித்தையே கைவந்தது.

2016-இல், மூளை விளையாட்டு விற்ற ஒரு நிறுவனம், ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசாங்க வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றத்தைத் தீர்க்க 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

ஆகவே நேயர்களே, விளையாட்டு இன்பந்தரின் விளையாடுங்கள். அறிவு வளருமென்று பணம் இறைக்கவேண்டா. இந்தியிலோ வங்காளியிலோ விலை பேச விரும்புவோர் கடைவீதியிலேயே பழகுதல் நன்று. நெடிய வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது, நானும் இப்பொழுது பென்சிலை எடுத்து வினைச்சொல்லை ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன். அதில் வெட்கமொன்றும் இல்லை.