தொந்தியும் தராசும்

நாற்பத்தைந்து வயதான நம் நண்பரொருவர், வக்கீல், டாக்டரின் எச்சரிக்கைக்கு அஞ்சி மூன்று மாதகாலம் விடியற்காலையில் நடந்தார். பிறகு தராசில் ஏறினார். ஒன்றரைக் கிலோவே குறைந்திருந்தது. “இதற்கா இத்தனை பாடு?” என்று நடையை நிறுத்திவிட்டார். இவரைப் போன்றோர் ஊர்தோறும் உளர்; ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது விசாரிப்போம்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. கனத்த சரீரமுடையவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரிதான். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரையிட்ட காப்பியும் உட்கொண்டால் அவ்வளவும் வட்டியுடன் வந்து சேரும். எடை குறைய வேண்டுமாயின் ஆகாரத்தையும் குறைத்தே ஆகவேண்டும். இதை மறைப்பதில் பயனில்லை.

அங்ஙனமாயின் நடப்பது வீணா? அக்காலத்து லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர் நாளெல்லாம் அமர்ந்திருந்தார். கண்டக்டரோ ஓயாது படி ஏறி இறங்கினார். 35 முதல் 64 வயது வரையுள்ள இவ்விரு வகுப்பாரையும் ஆராய்ந்த டாக்டர் ஜெர்ரி மாரிஸும் அவர் சகாக்களும், கண்டக்டர்களிடையே மாரடைப்பு குறைவென்று 1953-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டனர்.

எதிர்க்கட்சி வக்கீல் இங்கே எழுந்திருப்பார்: “பருத்தவர்களே ஓட்டுநராகச் சேர்ந்திருக்கலாம் அன்றோ?” நியாயமான ஆட்சேபம். மாரிஸ் குழுவினரே உத்தியோக உடுப்பின் கால்சட்டை அளவுகளைத் திரட்டி, இளவயதிலேயே ஓட்டுநரின் இடுப்பு பெரிதாயிருந்ததை 1956-ல் ஒப்புக்கொண்டனர். ஆயினும் மெலிந்தவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு வகுப்பிலும் திடீர் மரணம் கண்டக்டர்களிடையே குறைவாகவே இருந்தது. தொந்தி கரையாத கண்டக்டருக்கும் படிகள் துணை நின்றன என்பதே இதன் பொருள். மாரிஸ் 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99.

தராசு காட்டாத மற்றொன்றும் உண்டு. எடை அதிகம் இறங்காதபோதும், நடையால் வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு குறையக் கூடும். நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுவது பெரும்பாலும் அதுவே. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டரை எட்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள் வைத்தியர்கள். (நமது அளவை இங்கே பிரசுரிக்க விரும்பவில்லை.) வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான தேகப்பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியது. நடக்கையில் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ காண்பவர் முதலில் டாக்டரிடம் செல்க.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நண்பர் வீட்டுக் கதவைத் தட்ட உத்தேசித்திருக்கிறோம். தையற்காரரின் அளவு நாடா ஒன்றும் கையில் இருக்கும்.